இடும்பன் விழுந்த மறுநாள்

கருமலைச் சீமையை ஆண்ட ரணசூர பூபதிக்குப் பட்டப்பெயர் என்றால் உயிர். அவர் கொலுமண்டபத்தில் காலெடுத்து வைத்ததும் கட்டியங்காரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டங்களைச் சொல்ல ஆரம்பிப்பான். அவன் முடிப்பதற்குள் அவையில் பாதிப்பேர் வெற்றிலை போட்டு முடித்திருப்பார்கள். இத்தனைக்கும் ராஜா வாளை உறையிலிருந்து எடுப்பதே ஆயுதபூஜை அன்றைக்குத்தான்.

பிறகு பட்டமெல்லாம் எங்கிருந்து வந்தது? எல்லாம் இடும்பன் வாங்கிக் கொடுத்தது.

இடும்பன் அந்தச் சீமையின் குத்துச்சண்டை வீரன். அந்தப் பக்கத்து நாடுகளில் ஒரு வழக்கம் இருந்தது. இரண்டு நாட்டு வீரர்கள் கோதாவில் இறங்கினால், தோற்றவனுடைய நாடு தன் போர்முரசு ஒன்றை ஜெயித்த நாட்டு ராஜாவுக்குக் கொடுத்துவிட வேண்டும். முரசுக்கு ஒரு பட்டம் சேரும். சேனை கிளம்ப வேண்டாம், தலை உருள வேண்டாம். இடும்பன் குத்துவான், ராஜா பட்டம் கட்டிக்கொள்வார். இருபது வருஷம் இப்படியே சுகமாக ஓடிற்று.

அந்த வருஷத் திருவிழாவில் இடும்பன் தோற்றான். பனங்குடி நாட்டிலிருந்து வந்த இளவட்டம் ஒருவன் தாடையில் ஒரு குத்து விட்டான். அவ்வளவுதான், ஆள் மல்லாக்க விழுந்துவிட்டான். கருமலையின் முரசு ஒன்று முதல்முறையாக வண்டியேறி வெளியூர் போயிற்று.

ராஜாவுக்கு அவமானம் பொறுக்கவில்லை.

"ஒரே குத்தில் விழுகிறவன் வீரனா? அவன் இதுவரை ஜெயித்ததும் இனிமேல் செல்லாது! கோதா வாசலில் நட்ட கல்லிலிருந்து அவன் பெயரைச் செதுக்கி எடுங்கள். அம்பலத்தாடி, நீயே நின்று நிறைவேற்று. ஒன்றும் மிச்சம் வைக்காதே!"

அம்பலத்தாடி அந்த அவையில் வேடிக்கை பேசுவதற்கென்றே மானியம் பெற்றவர். அன்றைக்கு அவருக்கு வேடிக்கை வரவில்லை. நேரே இடும்பன் வீட்டுக்குப் போனார். வீங்கிய தாடையில் பற்றுப் போட்டுக்கொண்டு இடும்பன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். சேதி அதற்குள் வந்து சேர்ந்திருந்தது.

"ரொம்ப வலிக்குதா இடும்பா?"

"தாடை கெடக்குதுங்கய்யா, ரெண்டு நாள்ல வத்திப்போயிடும். தோத்ததையும் ஒத்துக்கறேன். அந்தப் பய நல்லாத்தான் குத்தினான். ஆனா முன்னாடி ஜெயிச்சதும் இல்லைன்னு ஆயிட்டா, இத்தனை வருஷமா நான் யாருங்கய்யா?"

எழுந்து தெருவுக்கு வந்த அம்பலத்தாடிக்கு ராஜாவின் மேல் கோபம் கோபமாக வந்தது. 'ஒன்றும் மிச்சம் வைக்காதேயாம்!' என்று பல்லைக் கடித்தார். கடித்தவர் நடுத்தெருவில் நின்றார். முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது.

மறுநாள் காலை. ராஜா கொலுமண்டப வாசலுக்கு வந்தார்.

"மகாராஜா வருகிறார்!" என்று கூவிவிட்டுக் கட்டியங்காரன் வாயை மூடிக்கொண்டான்.

ராஜா தூக்கிய காலை நிலைப்படிமேல் வைத்தபடியே காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

"ஏனடா, தொண்டை கட்டிக்கொண்டதா?"

"இல்லீங்க மகாராஜா. இன்னிக்கு அவ்வளவுதானுங்க இருக்கு."

ராஜா திகைத்துப்போய் உள்ளே பார்த்தார். சுவரோரம் வரிசையாக இருந்த முரசுகளை ஆட்கள் உருட்டிக்கொண்டு போனார்கள். வெளியே மாட்டுவண்டிகள் நின்றன. அம்பலத்தாடி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் ஓடினார்.

"பதமா, பதமா! அது மேலைக்கோட்டைக்காரன் முரசு. கீறல் விழுந்தா என் உசுரை வாங்கிடுவான்!"

"என்ன நடக்கிறது இங்கே?" என்று ராஜா கத்தினார்.

"தங்கள் உத்தரவு நடக்கிறது மகாராஜா. இடும்பன் ஜெயித்தது செல்லாது என்றீர்கள். அவன் ஜெயிக்கவில்லை என்றால் இவர்கள் யாரும் தோற்கவில்லை. தோற்காதவன் முரசு நம் வீட்டில் இருந்தால் ஊரார் என்ன சொல்வார்கள்? திருட்டு என்பார்கள். முரசு போனால் அதோடு வந்த பட்டமும் போயிற்று."

"நான் கல்லில் இருக்கும் பெயரைத்தானே எடுக்கச் சொன்னேன்!"

"அது ஒரே ஒரு பெயர் மகாராஜா, ஒரு நாழிகை வேலை. இங்கே இருப்பதுதான் பெரிய வேலை. முதலில் இதை முடித்துவிடலாமென்று ஆரம்பித்தேன்."

"அப்படியானால் எனக்கு ஒன்றுமே மிஞ்சாதா?"

"ஒன்று மிஞ்சிற்று. 'மகாராஜா' என்பது மட்டும் தங்கள் அப்பா வழியில் வந்தது. அதில் நான் கைவைக்கவில்லை."

ராஜா வெறுஞ்சுவரைப் பார்த்தார். வண்டிகளைப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று.

"வண்டியை அவிழ்த்துவிடு! முரசெல்லாம் இருந்த இடத்துக்கே வரட்டும். அவன் பெயரும் கல்லிலேயே இருந்து தொலையட்டும்." ஆனால் ராஜா அல்லவா, அப்படியே இறங்கி வந்துவிட முடியுமா? "ஒன்று சொல்கிறேன். அவன் தோற்றது நிஜம். அதையும் அந்தக் கல்லிலேயே வெட்ட வேண்டும். மறைக்கக்கூடாது!"

"மறைப்பதா? நானே கேட்பதாக இருந்தேன். மற்றதைவிடப் பெரிய எழுத்தில் வெட்டச் சொல்கிறேன்."

"என்னவென்று?"

"'இவனை ஒரே ஒரு தடவை கீழே தள்ள, சுற்றியிருந்த அத்தனை நாடும் சேர்ந்து இருபது வருஷம் பாடுபட்டது.'"

ராஜா மீசையை முறுக்கிப் பார்த்தார், உதட்டைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை. சிரிப்பு பீறிட்டது. அவையே அதிர்ந்தது.

உடனே ஆள்விட்டு இடும்பனை அழைத்துவந்து அந்த வரியைச் சொன்னார்கள். வீங்கிய தாடையோடு அவனால் சிரிக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை சொல்லுங்கய்யா" என்று மட்டும் கேட்டான்.

ராஜாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "அம்பலத்தாடி, உனக்கும் ஒரு பட்டம் தருகிறேன். இன்றுமுதல் நீ 'பரிகாசச் சக்கரவர்த்தி'!"

அம்பலத்தாடி துள்ளிப் பின்னால் நகர்ந்தார்.

"வேட்டி கொடுங்கள், வயல் கொடுங்கள், பட்டம் மட்டும் வேண்டாம் மகாராஜா! என்றைக்காவது ஒருநாள் என் வேடிக்கைக்குத் தங்களுக்குச் சிரிப்பு வராது. அன்றைக்கு, இதுவரை சிரித்த சிரிப்பையெல்லாம் திருப்பிக் கொடு என்று கேட்டால் நான் எங்கே போவேன்?"