ஹம்பிக்கு ஒரு லென்ஸ்

"பயணத்துக்கு ஒரே ஒரு லென்ஸ்தான் எடுத்துட்டுப் போகலாம்னா, எதை எடுத்துட்டுப் போறது டீச்சர்?"

சௌந்தரவல்லி நான்கு ஞாயிற்றுக்கிழமைகளாக இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. அஞ்சல் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் படம் எடுக்கக் கற்றுத்தந்த நூர்ஜஹானுக்கு முப்பத்தொன்று. ஆனாலும் மற்றவர்களைப் போல அவரும் டீச்சர் என்றே கூப்பிடுவார்.

டீச்சர் பாடம் நடத்துவது கரிக்கிலி ஏரிக்கரையில். லென்ஸ் பற்றி யார் என்ன கேட்டாலும் வாயால் பதில் சொல்வது அவர் வழக்கமில்லை. கொண்டு வாருங்கள், நடந்து பார்க்கலாம் என்பார்.

அடுத்த மாதம் ஹம்பிக்கும் பாதாமிக்கும் போக ரயில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. சௌந்தரவல்லியின் கணவர் குழந்தைவேலுவுக்கு நடுக்கவாதம். யாராவது கையைப் பிடித்துக்கொண்டால் இப்போது நடக்கிறார். போவதென்றால் இந்த வருடமே போய்வந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு மேல் அவரும் விளக்கவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

படத்தில் கோபுரமும் முழுதாக விழ வேண்டும், தூரத்துப் பாறையில் உட்கார்ந்திருக்கும் பறவையும் விழ வேண்டும். அதற்காக சௌந்தரவல்லி பதினொரு லென்ஸ்களை ஒப்பிட்டுப் பார்த்து, கடைசியில் ஒரு பெரிய ஜூம் லென்ஸில் வந்து நின்றிருந்தார்.

"அதை வாடகைக்கு எடுத்துட்டு வாங்கம்மா," என்றார் டீச்சர். "சாரையும் கூட்டிட்டு வாங்க."

"அவர் எதுக்கு டீச்சர்? கேமராவுல எந்தப் பக்கம் பார்க்கணும்னே அவருக்குத் தெரியாது."

"கூட்டிட்டு வாங்க."

ஐந்தாவது ஞாயிறு காலை குழந்தைவேலு வெள்ளைச் சட்டையும் புதுச் செருப்புமாக வந்திறங்கினார். டீச்சருக்கு வணக்கம் சொன்னபோது அவருடைய கைகள் ஆடின. தான் படம் எடுத்தால் ஒரு பறவை நாலாகத் தெரியும், காசு மிச்சம் என்றார். டீச்சர் சிரித்துவிட்டார். சௌந்தரவல்லி சிரிக்கவில்லை, இதை அவர் பலமுறை கேட்டிருக்க வேண்டும்.

மூவரும் கரைமேல் நடந்தார்கள். சௌந்தரவல்லியின் இடது கை கணவரின் முழங்கையைப் பிடித்திருந்தது. பறவை ஒன்று கண்ணில் பட்டதும் அந்தக் கை முழங்கையை விட்டுவிட்டு லென்ஸின் வளையத்துக்குப் போகும். "அசையாம நில்லுங்க," என்பார். திருப்புவார், எடுப்பார், மறுபடி வந்து பிடித்துக்கொள்வார். குழந்தைவேலு ஒவ்வொரு முறையும் அசையாமல் நின்றார்.

டீச்சர் பின்னால் வந்துகொண்டிருந்தார்.

மரத்திலிருந்து ஒரு நாரை எழும்பியது. சௌந்தரவல்லி கையை விட்டார். நாரை திரும்பிய பக்கம் தானும் திரும்பி நாலடி போனார். நிற்கச் சொல்ல மறந்துவிட்டார். குழந்தைவேலு அவரோடு போகத்தான் பார்த்தார். உடம்பு முன்னால் போனது, கால்கள் தரையிலேயே ஒட்டிக்கொண்டன.

சௌந்தரவல்லி கேமராவை இறக்கிவிட்டுத் திரும்பியபோது, டீச்சர் குழந்தைவேலுவின் தோளை இரண்டு கைகளாலும் தாங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கரைச்சரிவு. சரிவு முழுக்கக் கருங்கல்.

"நல்லா வந்திருக்கா?" என்று கேட்டார் குழந்தைவேலு.

சௌந்தரவல்லி படத்தைப் பார்க்கவில்லை. கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார். இது வேண்டாம், ஹம்பிக்குக் கேமராவே கொண்டுபோகப்போவதில்லை என்றார்.

அது இல்லாமல் வந்தால் பத்து நாளும் என்னைத்தான் முறைத்துக்கொண்டிருப்பாள் என்று குழந்தைவேலு டீச்சரிடம் சொன்னார். பிறகு மனைவியிடம் மெதுவாகப் பேசினார்.

"நான் ரூம்லயே உட்கார்ந்துக்கறேன் வல்லி. ஃபேன் இருக்கும், டிவி இருக்கும். நீ போய் எடுத்துட்டு வா. சாயங்காலம் நான் எல்லாத்தையும் பார்த்துக்கறேன்."

"ரூம்ல உட்காரவா உங்களுக்கு டிக்கெட் எடுத்தேன்?"

சௌந்தரவல்லி ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய மூக்குக்கண்ணாடி பனித்திருந்தது.

டீச்சர் பையைத் திறந்து கேமராவை எடுத்தார். காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெரிய லென்ஸைக் கழற்றினார். தன் தோள்பையிலிருந்து ஒரு சின்ன லென்ஸை எடுத்து மாட்டினார். உள்ளங்கைக்குள் அடங்குவது, திருப்பிப் பெரிதாக்க முடியாதது. பிறகு கேமராவை சௌந்தரவல்லியின் வலது கையில் கொடுத்து, வாரை அவர் மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றினார். இடது கையை எடுத்துக் குழந்தைவேலுவின் முழங்கையில் வைத்தார்.

"இப்போ எடுங்கம்மா."

சற்றுத் தள்ளி, கரையோரத் தண்ணீரில் ஒரு கூழைக்கடா மிதந்துகொண்டிருந்தது. சௌந்தரவல்லி ஒரு கையால் கேமராவைத் தூக்கிப் பார்த்தார். பறவை கடுகளவு தெரிந்தது.

"எட்டலையே டீச்சர்."

"நடங்க."

சௌந்தரவல்லி கணவரின் காதருகே ஒன்று, இரண்டு என்று எண்ணினார். எண்ணினால்தான் அந்தக் கால்கள் கிளம்பும். மூன்றில் கிளம்பின. பத்துக்கு மேல் குழந்தைவேலுவும் கூடச் சேர்ந்து எண்ணினார். பதினேழை இரண்டு முறை சொன்னார், சௌந்தரவல்லி திருத்தவில்லை.

இருபத்தாறாவது அடியில் கூழைக்கடா கிளம்பிவிட்டது. தண்ணீரை உதைத்துக்கொண்டு எழுந்து இவர்கள் தலைக்கு மேலாகவே போனது. சிறகின் ஓசை கேட்டது. குழந்தைவேலு வாய் திறந்தபடி அண்ணாந்து பார்த்தார். சௌந்தரவல்லி பறவையை எடுக்கவில்லை. பக்கத்திலிருந்த முகத்தை எடுத்தார், ஒரே ஒரு படம்.

பிறகு, கையை விடாமலே, சௌந்தரவல்லி திரும்பிக் கேட்டார்.

"இந்த லென்ஸ் எவ்வளவு தூரம் எட்டும் டீச்சர்?"

"சார் நடக்கிற தூரம் வரைக்கும்மா."