கருவாட்டுக்காரி கிழித்த கோடு

தேர்த் திருவிழா முடிந்த மறுநாள் பாதி ஊருக்கு வயிற்றுப்போக்கு. ஊரில் வயிறு கெட்டால் பழி யார் தலையில் விழும்? இல்லாதவள் தலையில்தான்.

"படுத்தவனெல்லாம் கருவாடு தின்றவன்! இவள் குடிசையைக் கொளுத்துங்கடா!" என்று கத்தினார் மிராசுதார் மார்த்தாண்டம் பிள்ளை. தலையாரி பந்தத்தைப் பற்றவைத்தான்.

கருவாட்டுக்காரி சடைச்சி குடிசை வாசலை மறித்து நின்றாள். உள்ளே தூளியில் அவள் கைக்குழந்தை தூங்குகிறது.

"எசமான், படுத்தவங்க எல்லாரும் உங்களைக் கும்பிட்டவங்களும்தான். நல்லா இருக்கிறவங்களையும் ஒரு வார்த்தை கேட்டுடலாமே?"

"கேட்டுத் தொலை!"

சடைச்சி மண்ணில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கிழித்தாள்.

"கருவாடு தின்னவங்க இடப்பக்கம், தின்னாதவங்க வலப்பக்கம். நோவு கண்டவங்க முன்னால, காணாதவங்க பின்னால. படுத்தவங்களுக்குப் பதிலா வீட்டார் நில்லுங்க."

நாலு கட்டமும் ஒன்றுபோல நிரம்பின. தின்றவரிலும் பாதிப் பேர் சுகம். தின்னாதவரிலும் பாதிப் பேர் படுக்கை. தலையாரி பந்தத்தைத் தாழ்த்தினான்.

"இப்போ, தேருக்கு எசமான் போட்ட தண்ணிப்பந்தல்ல பானகம் குடிச்சவங்க இடப்பக்கம், குடிக்காதவங்க வலப்பக்கம்."

கூட்டம் இடம் மாறியது. இரண்டு கட்டம் காலி. குடித்தவரெல்லாம் நோவு கண்டு முன்னால், குடிக்காதவரெல்லாம் சுகமாகப் பின்னால்.

மிராசுதாருக்கு வேர்த்தது. "யாரடி அந்தக் குடிக்காதவர்கள்?"

"பந்தல் பக்கம் வராதேன்னு நீங்க அடிச்சு விரட்டின எங்க தெருச் சனம், எசமான். நேத்து அழுதோம். எங்க உயிரைக் காப்பாத்தினீங்கன்னு இன்னைக்குத்தான் புரியுது."