ஓடிக்கொண்டே உம் கொட்டிய அரசன்

முன்னொரு காலத்தில், பனங்காட்டுக்கும் உப்பளத்துக்கும் நடுவே கிடந்த ஒரு நாட்டை மகிழ்வேந்தன் என்றோர் அரசன் ஆண்டுவந்தான். விருந்தென்றால் விடமாட்டான். ஒருநாள் கோட்டைப் படியேறும்போது மூச்சு வாங்கி நடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "தினமும் கொஞ்சம் ஓடுங்கள், அரசே" என்றார் வைத்தியர்.

ஓடினான். சில மாதங்களில் தொப்பை வற்றியது, நல்ல தூக்கம் வந்தது, கோபம் குறைந்தது. அரசன் ஓடினால் அரசவை சும்மா இருக்குமா? அதுவும் பின்னாலேயே ஓடியது. அமைச்சர் நன்னாகரும் ஓடினார். ஐம்பதைத் தாண்டியவர். எதையும் இரண்டு முறை யோசித்து, மூன்றாம் முறை தன்மேலேயே சந்தேகப்படுகிறவர். ஆனால் பனி மூடிய வரப்பில் ஓடும்போது அந்தச் சந்தேகமெல்லாம் கரைந்துவிடும். கால் தரையைத் தொடுகிறதா, தரைதான் வந்து காலைத் தொட்டுப் போகிறதா என்றே தெரியாது. கொக்குகள் வெள்ளைப் புகையாய் எழும். தான் யார் என்பதுகூடக் கொஞ்ச நேரம் மறந்துபோகும்.

ஒரே ஒரு தொல்லை. அரசர் நிற்கும்வரை யாரும் நிற்கக் கூடாது என்பது அந்த அவையின் பழைய வழக்கம். பின்னால் ஒருவரும் நிற்காததால் முதலில் நிற்க அரசனுக்கு வெட்கம். அரசன் நிற்காததால் மற்றவர்களுக்கு வழியில்லை. இப்படியே தூரம் ஏறிக்கொண்டே போனது. பலருக்குக் கால் வீங்கியது, யாரும் வாய் திறக்கவில்லை. அரசன் திரைக்குப் பின்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றதை ஒருநாள் நன்னாகர் பார்த்துவிட்டார்.

குதிரைப்படைத் தலைவன் விடங்கனுக்கு அமைச்சர் பதவிமேல் வெகுநாளாகக் கண். அவன் அவையில் எழுந்தான்.

"அரசே, இந்தச் சித்திரை வெயிலில் கடற்கரை வரை ஒரே மூச்சாக ஓடுங்கள். வழியில் ஒரு சொட்டு நீர்கூட வேண்டாம். அண்டை நாடெல்லாம் வாயைப் பிளக்கும்!"

"இந்த வெயிலில் அவ்வளவு தூரம் ஆகாது" என்றார் நன்னாகர்.

"யாருக்கு ஆகாது? அரசருக்கா, உம்முடைய கிழட்டுக் காலுக்கா?"

அவை சிரித்தது. அரசன் மீசையைத் தடவினான். "அமைச்சரே, நீரும் வாரும். நான் கடலைத் தொடும்போது நீர் பக்கத்தில் இல்லையென்றால், உம்முடைய அமைச்சர் முத்திரை மோதிரம் விடங்கனுக்கு."

நன்னாகர் யோசித்தார். வேண்டாம் என்று என்னைச் சொல்லவைப்பது என் அறிவா, என் பயமா? மோதிரம் போனால் போகட்டும். அரசரின் அந்த நெஞ்சு பாதி வழியில் நின்றுவிட்டால்?

"வருகிறேன், அரசே. வழித்துணைக்கு ஒரு கதை சொல்வேன். நீங்கள் உம் கொட்ட வேண்டும். உம் நின்றால் கதையும் நின்றுவிடும்."

"உம் கொட்டத் தெரியாதவனா நான்? சொல்லும்!"

விடியலில் அவையோடு கிளம்பினார்கள். "நான் வழி காட்டுகிறேன்" என்று அனுமதி வாங்கிக்கொண்டு விடங்கன் அம்பாய்ப் பறந்தான்.

"மீன் பிடிக்கிற பெண் ஒருத்தி, கடலுக்கு அடியில் ஒரு விளக்கு எரிவதைப் பார்த்தாள்."

"உம்."

"அதை எடுக்கப் படகேறினாள். அந்தப் படகுக்குத் துடுப்பில்லை. அவள் பாடினால் நகரும்."

"உம்."

தூரத்தில் விடங்கன் புள்ளியாய்ச் சுருங்கினான். அரசனுக்குப் பொறுக்கவில்லை, காலை வீசிப் போட்டான். உம் குறுகியது. பிறகு வெறும் இரைப்புதான் வந்தது. நன்னாகர் வாயை மூடிக்கொண்டார்.

"ஏன்... நிறுத்தினீர்?"

"உம் வரவில்லையே, அரசே."

"கொட்டினேன்... உமக்குத்தான்... காது..." மீதிச் சொல் வரவில்லை, காற்றுதான் வந்தது.

விளக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் விடவும் மனமில்லை. அரசன் வேகத்தைக் குறைத்தான். மூச்சு திரும்பியது. உம்மும் திரும்பியது. படகு நகர்ந்தது.

வெயில் ஏறியது. "அவளுக்குத் தாகம். குடத்தைச் சாய்த்துக் குடித்தாள்."

"உம். அப்புறம்?"

"குடித்துக்கொண்டே இருக்கிறாள்."

"எவ்வளவு நேரம்தான் ஐயா குடிப்பாள்?"

"தனியாகக் குடிக்கக் கூச்சமாம். யாராவது கூடக் குடித்தால் சீக்கிரம் முடித்துவிடுவாள்."

அரசன் விழுந்து விழுந்து சிரித்தான். வழியோர வீட்டில் நீர் கேட்டு வாங்கிக் குடித்தான். அவை முழுக்கக் குடித்தது. கதையில் அவள் படகு மெல்லப் போனபோது அரசனும் மெல்ல நடந்தான்.

உப்பளத்து ஓரம், ஒரு வண்டி நிழலில் விடங்கன் கிடந்தான். தொடை இழுத்துக்கொண்டிருந்தது. உப்பு வாருகிற பெண் ஒருத்தி அவன் வாயில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"யாரு சாமி இவரு? தொரத்துறதுக்கு ஆளே காணோம், இப்புடி ஓடியாந்து விழுந்தாரு!"

"விடங்கா, வழி காட்டுகிறேன் என்றாயே?" என்றான் அரசன்.

"இந்த... வழிதான், அரசே..."

அவை கொல்லென்று சிரித்தது. நன்னாகருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கால்கள் எனக்கு இருந்திருந்தால் நானும் இப்படித்தான் ஓடியிருப்பேனோ? குனிந்து அவன் தலையைத் தாங்கிப் பிடித்தார்.

"இவனை உப்பு வண்டியில் ஏற்றி ஊருக்கு அனுப்புங்கள்" என்றான் அரசன். "நாளை முதல் மடைப்பள்ளிக்காரர் பின்னால்தான் இவன் ஓட வேண்டும். அவரைத் தாண்டக் கூடாது." மடைப்பள்ளிக்காரர் அந்த அவையிலேயே பெரிய வயிற்றுக்காரர்.

மணலில் இறங்கும்போது கதை முடிவுக்கு வந்தது. "அவள் போய்ச் சேர்ந்தாள். அடியில் விளக்கில்லை. மேலே நின்ற விடிவெள்ளிதான் தண்ணீரில் தெரிந்திருக்கிறது. ஆனால் அவ்வளவு தூரம் பாடிக்கொண்டே வந்திருந்தாள்."

"உம்" என்றான் அரசன், மிக மெதுவாக.

இருவரும் சேர்ந்தே அலையைத் தொட்டார்கள்.

"மோதிரம் உம்முடையதே. வேறென்ன வேண்டும், கேளும். இனி நான் ஓடக் கூடாது என்பீரா?"

"ஓடுங்கள், அரசே. பேச முடிகிற அளவுக்கு ஓடுங்கள். அந்தப் பழைய வழக்கத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். நோகிறவன் நிற்கட்டும்."

"இன்றோடு எடுத்தாயிற்று" என்றான் அரசன். பிறகு ஈர மணலில் உட்கார்ந்து காலை நீட்டினான்.

"எனக்குக் குதிகால் வலிக்கிறது" என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி. "மாதக்கணக்காக வலிக்கிறது."

அலை வந்து போனது.

"எனக்கு முழங்கால்" என்று கருவூலக்காரர் உட்கார்ந்தார்.

"எனக்கு இடுப்பு" என்றார் புலவர்.

ஒவ்வொருவராக அவை முழுவதும் மணலில் அமர்ந்தது. நன்னாகருக்கு அன்று எங்கும் வலிக்கவில்லை. ஆனாலும் உட்கார்ந்தார்.