வீடியோ மிக்சரில் வந்த பூ

"நேத்து அந்த டிவியில ஒரு பூ விரிஞ்சுது பாரு, இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது."

நிகழ்ச்சிக் கூடத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்த பெண் இன்னொருத்தியிடம் சொன்னது, வாசலில் செருப்பைக் கழற்றிய அருளப்பன் காதில் விழுந்தது.

அது ஒத்திகையில் அவர் வரவழைத்த பூ.

இருபத்தாறு வருடம் கல்யாண வீடியோ எடுத்தவர் அவர். ஐம்பத்து மூன்று வயதில், வீடியோவிலேயே ஓவியம் காட்டும் முப்பது வயது ரெஹானாவிடம் சீடராகச் சேர்ந்தார். இருவரிடமும் இருந்தது படங்களைக் கலக்கும் ஒரே மாதிரிப் பழைய மிக்சர்தான். அதில் அவர் மணமக்களை இதய வடிவத்துக்குள் வைத்தார். அவள் வெறும் வெளிச்சத்திலிருந்து கடலை எழுப்பினாள்.

கேமரா டிவியைப் பார்க்கும். கேமரா பார்ப்பதையே மிக்சர் வழியாக டிவி காட்டும். படம் தன்னையே விழுங்கி விழுங்கி வேறொன்றாகும்.

இன்று ஆறு மணிக்கு, முதல்முறையாக, ஆட்கள் முன்னால் அவர் தனியாகச் செய்யவேண்டும்.

ஐந்தரைக்கு அவர் ரெஹானாவைக் கூப்பிட்டார்.

"பூ வரல டீச்சர்."

ரெஹானா குனிந்து பார்த்தாள். மிக்சரில் ஒவ்வொரு குமிழ் பக்கத்திலும் ஒரு சிவப்புப் புள்ளி. படத்தின் வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் லீவர் பக்கத்திலும் ஒன்று.

"யாரோட நெயில் பாலிஷ்ணே?"

"பொண்ணோடது. நேத்து பூ வந்தப்ப எது எங்க நின்னுச்சோ அங்க வச்சேன். கேமரா காலுக்குத் தரையிலகூட வச்சிருக்கேன்."

"ஜன்னல்?"

"அதே மாதிரி திறந்துதான் இருக்கு."

"நேத்து மேகமா இருந்துச்சே. அதுக்கு எங்க புள்ளி வச்சீங்க?"

"விளையாடாதீங்க டீச்சர். என் பழைய கல்யாண பார்ட்டிங்க நாலு பேர் வந்து உக்காந்தாச்சு. கல்யாண வீடியோக்காரனுக்கு இதெல்லாம் தேவையாம்பாங்க. நீங்களே பண்ணிடுங்க."

அவள் மிக்சரை விட்டு விலகி நின்றாள். ஆறு மணிக்கு ஜன்னலைச் சாத்தி, திரைச்சீலையை இழுத்து, விளக்கை அணைத்தாள்.

புள்ளிகள் தெரியவில்லை. டிவியும் கறுப்பு.

யாரோ இருமினார்கள்.

இருட்டில் தீக்குச்சி உரசும் சத்தம். ரெஹானா அதைக் கேமராவுக்கு ஒரு நொடி காட்டிவிட்டு ஊதினாள்.

குச்சி அணைந்தது. டிவியில் தீ அணையவில்லை.

அது நடுங்கியது. இரண்டாகப் பிரிந்தது. நீலமாகி, மெலிந்தது.

"அண்ணே, அணையப் போகுது," என்றாள் ரெஹானா, கையைக் கட்டிக்கொண்டு.

டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், அருளப்பன் லீவரை ஒரு நூல் மேலே தள்ளினார்.