கிளியின் முதுகு

உங்கள் உச்சந்தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று உங்களால் பார்க்க முடியுமா? கண்ணாடி கூடாது. பக்கத்தில் ஆளிருந்தால் கேட்கவும் கூடாது.

மாரிக்கனியால் முடியாது. இத்தனைக்கும் அவள் பதினைந்து வருஷமாகக் கரகம் ஆடுகிறவள்.

ஐப்பசி மாதத்தில் ஒருநாள் காலை. கோயில் கொடை விழாக்கள் எல்லாம் முடிந்து, மேளக்காரர்கள் ஆளுக்கொரு வேலைக்குப் போய்விட்ட நேரம். மாரிக்கனி ஒரு பிளாஸ்டிக் கவரை மாரோடு அணைத்துக்கொண்டு வடிவு வாத்தியாரம்மா வீட்டுக்கு வந்தாள். பஸ்ஸில் வரும்போதே அந்தக் கவரை நாலு தடவை திறந்து பார்த்துவிட்டாள், பிள்ளையை முதல்நாள் பள்ளிக்கூடம் அனுப்புகிறவள் பையைப் பார்க்கிற மாதிரி.

வடிவு அவளைவிட நாலு வயது இளையவள். ஆனால் எட்டு வயதிலேயே தலையில் குடம் ஏற்றியவள். மாரிக்கனி இருபத்தாறு வயதில் வந்து அவளிடம்தான் ஆட்டம் படித்தாள். ஆகவே மூத்தவள் இளையவளை வாத்தியாரம்மா என்பாள். இளையவள் மூத்தவளை அக்கா என்பாள். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இருவருக்கும் பழகிவிட்டது.

"வாக்கா. சாப்பிட்டியா?"

"ஆச்சு வாத்தியாரம்மா. ஒரு கையெழுத்து வேணும்."

வடிவு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முறத்தைத் தள்ளி வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, கவரிலிருந்து அவள் எடுத்து நீட்டிய ஃபாரத்தை வாங்கினாள்.

சென்னையில் ஒரு கலை அறக்கட்டளை, ஆட்டமே தொழிலாக இருப்பவர்களுக்குத் தரும் ஒரு வருஷ நல்கை. தேர்வானால் மாதாமாதம் உதவி வரும். பழகுவதற்கு இடம் கிடைக்கும். வெளியூர் மேடை கிடைக்கும். தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்க் குச்சி அடுக்காமல், வருஷம் முழுக்க ஆடலாம். மாரிக்கனி முதல் சுற்றில் தேறிவிட்டாள். இனி தேவை, குருவின் கையெழுத்தும் தனியாக ஆடிய வீடியோவும். சாயங்காலம் ஐந்து மணிக்குள் பிரவுசிங் சென்டரிலிருந்து அனுப்பிவிட வேண்டும்.

வடிவு ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஏழாவது கேள்வியில் விரல் நின்றது.

உங்களுடன் ஆடும் கலைஞர் யார்?

எவரும் இல்லை, என்று எழுதியிருந்தது.

"தங்கபுஷ்பம்?" என்று கேட்டாள் வடிவு.

"திருப்பூர்ல இருக்கா. பனியன் கம்பெனி."

"எப்பப் போனா?"

"ஆடிக்கொடை முடிஞ்சதும்."

"ஏன் போனா?"

மாரிக்கனி முறத்திலிருந்து ஒரு கீரைக் காம்பை எடுத்து உருவ ஆரம்பித்தாள்.

"ஃபாரத்துல ஒரு பேருக்குத்தான் இடம் இருந்துச்சு. என் பேரை எழுதிட்டேன். அவகிட்டச் சொல்லல. தவில்காரர் சொல்லித் தெரிஞ்சுக்கிட்டா. சண்டை போடுவான்னு பார்த்தேன். ஒரு வார்த்தை கேக்கல. மறுநாள் பையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டா."

"நீ கூப்பிட்டியா?"

"என்னன்னு கூப்பிட?"

வடிவு மறுபடி அந்த வரியைப் பார்த்தாள்.

"ஜோடி உண்டுன்னு எழுதினா, அது குழு, தனியாள் நல்கையில வராதுன்னு தள்ளிருவாங்களாம். பிரவுசிங் சென்டர் அக்கா சொன்னாங்க." கீரை உருவிய கை நின்றது. "தனியா ஆடினா தப்பா வாத்தியாரம்மா? நீங்களும் இதே நல்கை வாங்கித் தனியாத்தான ஆடினீங்க?"

வடிவு ஃபாரத்தைக் கீழே வைத்தாள்.

"வீடியோவைக் காட்டு."

ரைஸ்மில் களத்தில் எடுத்தது. செல்போனைச் செங்கலில் சாய்த்து வைத்து, கடன் வாங்கிய இன்னொரு செல்போனில் மேளத்தை ஓடவிட்டு, பன்னிரண்டு நிமிஷம் ஆடியிருந்தாள். களத்தில் வேறு யாரும் இல்லை. ஒரு கோழி மட்டும் குறுக்கே போனது.

"எப்படி?"

"கால் நல்லாருக்கு."

"கழுத்து?"

"அசையவே இல்ல."

"அப்புறம் ஏன் மூஞ்சியை இப்படி வச்சிருக்கீங்க?"

"மறுபடி போடுக்கா. இந்தத் தடவை காலைப் பார்க்காதே. கிளியைப் பாரு."

கரகத்தின் உச்சியில் ஒரு தக்கைக் கிளி இருக்கும். அது எப்போதும் சபையைப் பார்க்க வேண்டும். சுற்றிச் சுற்றி ஆடும்போது குடம் தலையில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். கனம் சாய்ந்தால் கழுத்துக்குத் தெரியும். கிளி திரும்பினால் எந்தக் கழுத்துக்கும் தெரியாது. எதிரே ஆடுகிற ஜோடிதான் பார்த்துச் சொல்ல வேண்டும். கண்ணைக் காட்டுவார்கள், இல்லையென்றால் ஆட்டத்தோடு ஆட்டமாகக் கை நீட்டித் திருப்பிவிடுவார்கள். தங்கபுஷ்பத்துக்கு இதெல்லாம் போதாது. நடு ஆட்டத்தில் வாயைத் திறந்தே சொல்லுவாள்: "ஏ மாரி, உன் கிளி கோவிச்சுக்கிட்டுப் போகுது, பிடி!" சனம் அதையும் ஆட்டம் என்று நினைத்துக் கைதட்டும்.

மாரிக்கனி வீடியோவைப் போட்டாள்.

இரண்டாவது நிமிஷத்தில் கிளி பக்கவாட்டில் திரும்பியது. மூன்றாவது நிமிஷத்தில் முதுகைக் காட்டியது. அதற்குப் பிறகு கடைசிவரை ரைஸ்மில் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது. முடிவில் மாரிக்கனி சிரித்த முகமாகக் குனிந்து கும்பிட்டாள். கிளி சுவரைப் பார்த்தபடியே குனிந்தது.

மாரிக்கனிக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு பொத்திய கை அப்படியே இருந்தது, சிரிப்புச் சத்தம் மட்டும் இல்லை.

"பத்துத் தடவை பார்த்தேன் வாத்தியாரம்மா. பத்துத் தடவையும் என்னைத்தான் பார்த்தேன்."

வடிவு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். ஃபாரத்தை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"இதுல எதுக்குப் போட்டீங்க?"

"ஆடினது நீதான. கால் உன் கால்தான."

மாரிக்கனி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நேரம் இருக்கு. இன்னொரு தடவை எடுத்துருவோம். நீங்க எதிர்த்தாப்ல நின்னு பார்த்துச் சொல்லுங்க."

"இன்னிக்குச் சொல்றேன்."

"அது போதும்."

"வருஷம் பூரா?"

மாரிக்கனி சுவரைப் பார்த்தாள். அங்கே ஒரு போட்டோ மாட்டியிருந்தது. டெல்லி மேடை. அவ்வளவு பெரிய மேடையின் நடுவில் வடிவு ஒருத்தி. படம் எடுத்தவர் முகத்தைத்தான் பெரிதாகப் பிடித்திருந்தார். குடம் பாதியோடு முடிந்திருந்தது.

"இதுல உங்க கிளி எந்தப் பக்கம் பார்த்துச்சு?"

"யாருக்குத் தெரியும்?"

"பார்த்தவங்க சொல்லலியா?"

"அவங்களுக்குக் கிளின்னா கிளி. நல்லாத்தான் கைதட்டினாங்க." வடிவு முறத்தை இழுத்து வைத்துக்கொண்டாள். "பன்னிரண்டு ஊரு. ஆட்டம் முடிஞ்சதும் ரூமுக்கு வருவேன். குடத்தை இறக்கிக் கட்டில்ல வைப்பேன். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கிட்டே இருப்பேன். பேச வேற ஆள் கிடையாது."

"உங்க ஜோடி?"

"வருஷம் முடிஞ்சு வந்தேன். அவ வேற செட்டுக்குப் போயிருந்தா. நல்லாருக்கா."

தெருவில் ஒரு தண்ணீர் வண்டி போனது.

மாரிக்கனி பேனாவை எடுத்தாள். ஏழாவது கேள்வியின் பதிலை அடித்தாள். மேலே குட்டிக் குட்டி எழுத்தில் எழுதினாள். தங்கபுஷ்பம். பதினோரு வருஷமாக.

"தள்ளிட்டாங்கன்னா?" என்று கேட்டாள் வடிவு.

"தள்ளட்டும். தீப்பெட்டி ஆபீஸ் எங்கயும் ஓடிப் போயிராது."

செல்போனை எடுத்துத் திருப்பூருக்குக் கூப்பிட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. கம்பெனியில் மிஷின் ஓடுகிற நேரம். இன்னொரு தடவை கூப்பிட்டாள். அப்போதும் எடுக்கவில்லை.

பிறகு அந்த வீடியோவை, கிளி முதுகு காட்டிய அதையே, அவளுக்கு அனுப்பினாள். ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

"இதையாக்கா அனுப்பினே?"

"பார்த்தா சிரிப்பா. இல்ல, திட்டுவா." மாரிக்கனி செல்போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். "ரெண்டுல எதுன்னாலும் சரி."

செல்போன் சத்தம் போடவில்லை. அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி கவிழ்த்தாள்.

"வாங்க வாத்தியாரம்மா. வெயில் ஏறுறதுக்குள்ள களத்துக்குப் போயிருவோம். என் குடம் அங்கதான் இருக்கு."

வடிவு எழுந்து உள்ளே போனாள். ஸ்டூல் இழுக்கிற சத்தம் கேட்டது. பரணிலிருந்து ஏதோ இறங்கியது. ஒரு பழைய சேலை மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்தில் அவிழ்த்தாள். அவளுடைய கரகம். கிளியின் பச்சை வெளுத்திருந்தது. கண்ணுக்கு ஒட்டிய பாசிமணி ஒன்று விழுந்திருந்தது.

குடத்தைத் தலையில் ஏற்றினாள். இரண்டு கையையும் விட்டாள். மேளம் இல்லாமல், மெதுவாக, தனக்குள்ளே தாளம் எண்ணிக்கொண்டு சுற்றினாள். பத்துச் சுற்று இருக்கும். சுற்றி முடித்து மாரிக்கனிக்கு எதிரே வந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

"அக்கா, கொஞ்சம் பார்த்துச் சொல்லேன். என் கிளி எந்தப் பக்கம் பார்க்குது?"