தூங்கும் கிழங்கு

"அம்மா, உங்க செடியைக் கொன்னுட்டேன். நான் ஊருக்குக் கிளம்புறேன்."

தணிகாசலம் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. வயது அறுபத்தைந்து. மின்வாரியத்தில் கம்பம் ஏறி ஓய்வு பெற்றவர். நாலு வருஷமாக இந்த ஏற்காட்டு ஆசிரமமே கதி என்று கிடப்பவர்.

உள்ளே தபால் பிரித்துக்கொண்டிருந்த தையல்நாயகிக்கு வயது முப்பத்தாறு. அவர்தான் குரு.

"எந்தச் செடி?"

"ஜன்னல்ல இருக்கிற வெங்காயச் செடி."

தையல்நாயகி தபாலைக் கீழே வைத்தார்.

அது நிஜ வெங்காயம் இல்லை. மண்ணுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் பச்சைக் கிழங்கு. உச்சியில் நூல் போல ஒரு கொடி. தையல்நாயகியின் குரு, கண் மூடுவதற்கு முந்தைய மாதம் தன் கையால் தொட்டியில் வைத்தது. அவர் விட்டுப்போனதில் உயிரோடு இருந்தது அது ஒன்றுதான்.

கோடையில் கொடி காய்ந்து உதிரும். கிழங்கு தூங்கும். புது முளை வரும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது. அதைச் சொல்லித்தான் இந்த வருஷம் தொட்டியைத் தணிகாசலத்திடம் ஒப்படைத்திருந்தார்.

"தண்ணி ஊத்தினீங்களா?"

"மொட்டையா நின்னுச்சும்மா. மனசு கேக்கல. சாயந்திரம் அரை டம்ளர்."

தையல்நாயகி ஜன்னலுக்குப் போய்க் கிழங்கை அழுத்தினார். கட்டைவிரல் உள்ளே போய்விட்டது. நாற்றம் அடித்தது.

"அரை டம்ளருக்கு இப்படி அழுகாது. எல்லாரையும் கூப்பிடுங்க."

எல்லாரும் என்றால் மூன்று பேர்.

"அரிசி கழுவின தண்ணி, கொஞ்சூண்டு. சத்துதானேம்மா?" என்றாள் சமையல் பார்க்கும் முத்துப்பேச்சி.

"பூஜைத் தீர்த்தம் மிச்சமானா வேற எங்க ஊத்துறது?" என்றார் பூஜை பார்க்கும் பரமன்.

யோகா சொல்லித்தரும் ஹேமலதா, "நான் ஊத்தல. தெளிச்சேன்" என்றாள்.

செடியை வேறு யாரும் கவனிப்பதில்லை என்று ஆளாளுக்கு ஒரு நினைப்பு. இத்தனை பக்தியைத் தென்னை மரமே தாங்காது, கிழங்கு எம்மாத்திரம்!

தணிகாசலத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"பாத்தீங்களா! நீங்க எல்லாரும் பண்ணின வேலைக்கு நான் பழி சுமக்கணுமா? யார் தண்ணிம்மா கொன்னுச்சு, சொல்லுங்க."

தையல்நாயகி தொட்டியோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"விடியக்காலைல, நீங்க எல்லாம் எந்திரிக்கிறதுக்கு முன்னாடி, நான் ஒரு கை தண்ணி விடுவேன். தினமும். அவர் வெச்சது காஞ்சு நிக்கிறதை என்னால பாக்க முடியல."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார். அவர் அழுது அவர்கள் பார்த்ததில்லை. முத்துப்பேச்சிக்கும் கண் கலங்கியது.

கொஞ்ச நேரம் கழித்துத் தையல்நாயகி தொட்டியைப் பேப்பரில் கவிழ்த்தார். கொழகொழவென்று இருந்ததை விரலால் வழித்து எடுத்தார். அடியில், பூண்டுப்பல் அளவுக்கு ஒரு குட்டிக் கிழங்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

அழுத்திப் பார்த்தார். கெட்டியாக இருந்தது.

புடவைத் தலைப்பில் துடைத்துத் தணிகாசலத்தின் கையில் வைத்தார்.

"என்கிட்டயா? நானும் ஊத்தினவன்தானேம்மா."

"ஊத்தினேன்னு வந்து சொன்னது நீங்க ஒருத்தர்தான்."

"அப்போ நான் ஊருக்குப் போக வேண்டாமா?"

"போகாதீங்க. இதைக் காய்ஞ்ச இடமாப் பாத்து ஒளிச்சு வைங்க. முளை விடுற வரைக்கும், நான் வந்து எவ்வளவு கெஞ்சினாலும் இடத்தை மட்டும் சொல்லிடாதீங்க."