எலியின் மேல் பாதி

“முதல் ஐந்து பேரில் என் தங்கச்சியை ஏன் சேர்க்க மாட்டேங்கறீங்க, மேடம்?”

டாக்டர் அருளப்பன் உட்காராமலே கேட்டார்.

ஆய்வுக்கூடத் தலைவி கோமளவல்லி அவரைவிட வயதில் சிறியவர். ஆனாலும் புற்றுக்கட்டியைத் தேடிப் போகும் தங்கத் துகளைச் செய்ய, அவரிடம்தான் அருளப்பன் நான்கு வருடம் கற்றார்.

தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் அந்தத் துகள். மருந்தைச் சுமந்துகொண்டு ரத்தத்தில் போகும். போய்ச் சேர்ந்த இடத்தில் ஒளிரும்.

எலிகளில் பார்த்தாகிவிட்டது. அடுத்தது மனிதர்கள்; முதலில் ஐந்து பேர்.

“அவளுக்கு வேற எந்த மருந்தும் கேக்கல. இது ஒண்ணுதான் மிச்சம்.”

“உங்க எலிப் படத்தைக் காட்டுங்க.”

காட்டினார். எலியின் தொடையில் வளர்த்த கட்டி மட்டும் சிவப்பாக எரிந்தது. மற்றதெல்லாம் இருட்டு.

“பாருங்க. நேரா அங்கேயே போகுது.”

“மேல் பாதி எலியை யார் தின்னது, டாக்டர்?”

அருளப்பன் சிரிக்கவில்லை.

“கறுப்புத் தாள் போட்டு மறைச்சிருக்கேன். கல்லீரல் வெளிச்சத்துல கட்டி தெரியாது. எல்லாரும் செய்யறதுதானே, மேடம்.”

கோமளவல்லி எழுந்துபோய்க் கேமராப் பெட்டியைத் திறந்தார். மயக்கத்தில் அந்த எலி உள்ளே கிடந்தது. அதன் மேலிருந்த தாளை எடுத்தார். பெட்டியை மூடிப் படம் எடுத்தார்.

திரையில் கல்லீரல் எரிந்தது. தொடையில் இருந்த கட்டியைத் தேட வேண்டியிருந்தது.

“நூறு துகள் போட்டா கட்டிக்கு எத்தனை?”

“ஒண்ணு.”

“கல்லீரலுக்கு?”

“எழுபதுக்குக் குறையாது.” பிறகு அவசரமாகச் சொன்னார்: “அந்த ஒண்ணு போதும். அதுலயே கட்டி சுருங்கிச்சு. எலிக்கு ஒண்ணும் ஆகல.”

“எலிக்கு நல்ல கல்லீரல்.”



கோமளவல்லி புதிய படத்தை அச்செடுத்து நீட்டினார்.

“இதைத் தங்கச்சிகிட்ட காட்டுங்க. எல்லாத்தையும் சொல்லுங்க. அப்புறமும் வேணும்னு சொன்னாங்கன்னா, சேர்க்கலாமான்னு பேசுவோம்.”

அருளப்பன் நேரே தங்கை வீட்டுக்குப் போனார். ரெஜினா கட்டிலில் சாய்ந்திருந்தாள். படத்தை வாங்கிப் பார்த்தாள்.

“என்னண்ணே இது, எலியா? பாவம்.”

பக்கத்தில் உட்கார்ந்து, படத்தின்மேல் விரல் வைத்து விளக்கினார். இது கட்டி. இது கல்லீரல். இங்கே ஒன்று. இங்கே எழுபது. ஒன்றையும் மறைக்கவில்லை.

“ஆனா கட்டி சுருங்கும், ரெஜி. உன் ஸ்கேனைப் பாத்தேன். மார்புக் கட்டி கொஞ்சம்தான் பெருசாயிருக்கு. இன்னும் நேரம் இருக்கு.”

“அண்ணே.”

“ம்.”

“எப்பவும் வந்ததும் வராததுமா ஸ்கேனைக் கேக்கறே. இப்ப எலியைப் பாக்கறே. கொஞ்சம் என்னையும் பாரேன்.”

அருளப்பன் நிமிர்ந்தார்.

ஜன்னல் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்திருந்தது. கண்களின் வெள்ளை மஞ்சளாகியிருந்தது.

“எப்பலேருந்து, ரெஜி?”

“பத்து நாளாச்சு. நீதான் தினமும் வர்றியே. உனக்குத் தெரியும்னு நெனச்சேன்.”